வளைவில் ஒரு சிலேட்டு ஆலை

இட்வலுக்கு வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மறுபடி செத்துப்போயின. முதலில் நுனி வெளுக்கும். பிறகு இரண்டாம் கணு வரை மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. திரும்ப ரத்தம் ஓடும்போதுதான் கொடுமை. ஊசியைக் காய்ச்சிக் குத்தினாற்போல எரியும். குவாரியில் பாதி ஆயுள் காற்றுத் துளைப்பான் பிடித்ததற்குக் கிடைத்த கூலி அது. சம்பளம் நின்றுபோய் வருஷங்களாகியும் இது மட்டும் நிற்கவில்லை.

கையை அக்குளில் செருகிக்கொண்டு, தோட்டத்து ஈரத்தில் மண்டியிட்டபடியே எதிரே இருந்த ஆலையை முறைத்தான். சிலேட்டு அறுக்கும் ஆலையின் குட்டி மாதிரி. அவன் முழங்கால் உயரம்கூட இல்லை. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே பதினாறு மில்லிமீட்டர். சுவர் முழுக்க நிஜச் சிலேட்டுக் கல், விரல்நக அளவில் சில்லு சில்லாக உடைத்து அடுக்கியது. ஜன்னல் சட்டம் பித்தளைப் பட்டை, ஈயம் வைத்துப் பற்றியது. மழைநீர்க் குழாய் மனைவி நெஸ்டாவின் பின்னல் ஊசி. பக்கவாட்டில் இருந்த கொட்டகைக்கு நெளிதகரக் கூரை வேண்டும் என்று தக்காளிக் கூழ் டியூபை வெட்டி, சீப்பின் மேல் வைத்து அழுத்தி எடுத்திருந்தான். டியூபில் கூழ் பாதி மிச்சம் இருந்தது. அதற்கு அவள் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டது.

பிரதான கூரையில் இன்னும் இரண்டு வரிசை ஓடு பாக்கி. வாளியில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருந்த கல்லை எடுத்தான். குவாரியிலிருந்து ஈரம் காயாமல் வந்த கல்தான் ஏடு ஏடாகப் பிரியும். வெயிலில் கிடந்த கல்லில் உளியை வைத்தால் நொறுங்கிவிடும். அவன் உளியை வைத்துத் தட்டினான். செத்த விரல்கள் உளியை உணரவில்லை. கல் கோணலாகப் பிளந்தது.

"சனியனே" என்று விரல்களைத் திட்டினான்.

பின்வாசலில் நெஸ்டா நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். குரலை மெதுவாக்க அவளுக்குத் தெரியாது.

"யோவ், உன் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு நாய்க்கு வச்சிரட்டுமா? அதாவது கூப்ட உடனே வரும்."

"ரெண்டு வரிசைதான். வந்துட்டேன்."

"போன வருஷமும் ரெண்டு வரிசைன்னுதான் சொன்ன. அந்த மனுஷன் காத்துக் கெடந்து காத்துக் கெடந்து, இப்ப வீட்டையே காலி பண்றான்."

இட்வல் அடுத்த கல்லை எடுத்தான். 

அந்த மனுஷன் என்றால் கெத்தின். இட்வல் துளை போட, கெத்தின் வெடிமருந்து கெட்டிப்பான். ஒரே பாறை முகத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற காலத்தில் கல்யாணம், சாவு, சண்டை எல்லாம் இருவருக்கும் பொதுவாகவே நடந்தன. குவாரி ஆள் குறைத்தபோது இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பினார்கள். இட்வலுக்குத் தோட்டம் இருந்தது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிற, உருளைக்கிழங்குகூட ஒழுங்காக விளையாத தோட்டம். அவன் அதில் குட்டி ரயிலுக்குத் தண்டவாளம் போட்டான். கெத்தினுக்குத் தோட்டம் இல்லை. சிமென்ட் பூசிய கொல்லையும் கரித்தொட்டியும்தான். அவன் மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்தில் ஒரு சின்ன லேத்தை நுழைத்து, எஞ்சின் செய்ய உட்கார்ந்துவிட்டான். கையில் தூக்குகிற அளவுதான், ஆனால் நிஜ நீராவியில் ஓடுகிற எஞ்சின். செம்புக் கொதிகலன், பித்தளைக் குழாய்கள், எரிவாயு அடுப்பு எல்லாம் அவன் கையாலேயே செய்தது. மனைவி இறந்த வருஷம் மட்டும் தொடவில்லை. மற்றபடி ஒரு நாளும் விட்டதில்லை.

எஞ்சின் முடிந்து மூன்று கோடை போய்விட்டது. இன்றுவரை அது ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. சமையலறை மேஜையில் உருளைகள் பதித்த மேடை ஒன்றின்மேல் நிற்கும். நீராவி ஏற்றினால் சக்கரம் சுழலும், உருளையும் சுழலும், எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும். அவன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, தேநீர் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் கோடையில் இட்வல் சொன்னான்: "ஆலை முடியட்டும். மொத ஓட்டம் உன்னோடது." முடித்தான். மர வேலைக்கு வாங்கிய வெள்ளைப் பசையில் ஓடு ஒட்டியிருந்தான். எஞ்சின் வரும் முன்பே இந்த ஊர் மழை ஒரு வாரம் பெய்ததில் கூரை முழுக்க வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. இரண்டாம் கோடையில் ஓடு தடிமனாகிப்போய், பார்த்தால் அரக்கன் வீடு மாதிரி இருந்தது, தானே இடித்தான். மூன்றாம் கோடையில் கட்டிய சுவரை அடுத்த குளிரில் உறைபனி வெடிக்கவைத்தது. ஆலைக்கு நடுவில்தான் தண்டவாளம் போகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டைக் கழற்றிவிடுவான். வட்டம் அறுந்து கிடக்கும். வேலை முடிந்தபிறகும் உட்கார முடியாமல் எழுந்து போய் எதையாவது பிடுங்குவான். சாப்பிடும்போது எழுந்து போவான். தூங்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று நெஸ்டா சொல்வாள்.

இப்போது கெத்தினின் நுரையீரலில் கல்தூசி கெட்டித்துவிட்டது. இந்த மலை ஏற்றம் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் ஷோனெட் கடலோர ஊரில் லிஃப்ட் இருக்கிற ஒரு மாடிக்குடியிருப்பில் இடம் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை கிளம்புகிறான். அங்கே தோட்டம் கிடையாது.

*

வியாழன் பிற்பகல் கெத்தினே மேலே ஏறி வந்தான். நடுவில் இரண்டு இடத்தில் நின்றான். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று, யாருடைய முட்டைக்கோஸையோ ஆராய்கிற மாதிரி வேலியில் சாய்ந்து நின்றதை இட்வல் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"எவன்டா இந்த ஊர மலைமேல கட்டுனது?" என்றான் வந்ததும்.

"உங்க தாத்தாதான். அவரு கீழ்ப்பக்கம் கட்டிக்கிட்டு எங்கள மேல ஏத்திவிட்டாரு."

கெத்தின் சிரித்தான்; சிரிப்பு இருமலாகி முடிந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். மேல் படியில் வேலியை ஒட்டி ஓடும் பாதை. நடுவில் ஓடையைத் தாண்டும் சிலேட்டுத் தூண் பாலம். கத்தரித்துக் கத்தரித்துக் குட்டையாக வைத்திருக்கும் ஊசியிலைச் செடிகள், தூரத்துக் காடு மாதிரி. புல்வெளிக்குப் பாசி, புதருக்கு ஓமச்செடி. மரக்குச்சியில் செதுக்கி வெள்ளையடித்த ஆடுகள். கீழே, தோட்டம் முடிகிற மூலையில், பாதை வளைந்து திரும்புகிற இடத்தில் ஆலை.

"ஆடு ஒண்ணு செத்துக் கெடக்கு பாரு."

"படுத்திருக்குடா அது."

"கால மேல தூக்கிக்கிட்டா?"

இட்வல் போய் ஆட்டை நிமிர்த்தி வைத்தான். கெத்தினின் கண் ஆலையிலேயே இருந்தது.

"கூர முடியலன்னா என்ன? எஞ்சின் நனைஞ்சு சளி புடிச்சுக்குமா? தண்டவாளம் சேந்துருச்சில்ல, அது போதும்டா எனக்கு."

"அரைகுறையா ஓட்டக்கூடாது. சனிக்கிழம காலைல எடுத்துட்டு வா. எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"பன்னெண்டு மணிக்கெல்லாம் வேன் கெளம்பணும்னு ஷோனெட் உயிர எடுக்குறா."

"பத்து மணிக்கு வா. ரெண்டு மணி நேரம் இருக்கு. ஆச தீர ஓட்டு."

"இப்பவே போய் எடுத்துட்டு வரட்டா? நெருப்பெல்லாம் வேணாம். கையால ஒரு தடவ தள்ளிப் பாத்துருவோம்."

"வேணாம்" என்றான் இட்வல் சட்டென்று. "கலவ இன்னும் பச்சையா இருக்கு. உன் எஞ்சினு கனம். அதிர்ந்துச்சுன்னா சுவர் விரிஞ்சிரும். அகலம் சொன்ன, உயரம் சொன்ன. நான் பாத்துட்டேன், இங்க பாரு."

சிலேட்டு ஏற்றும் நாலு சக்கர வண்டி ஒன்றை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தான். அதன்மேல் ஒட்டுப்பலகை ஒன்றை நிறுத்தி ஆணி அடித்திருந்தது. கெத்தின் சொன்ன அகலத்துக்கும் உயரத்துக்கும் சரியாக வெட்டிய பலகை. விரலால் தள்ளினான். பலகை ஆலையின் வாயில் நுழைந்து, வளைவோடு வளைந்து, அந்தப் பக்கம் எதையும் தொடாமல் வெளியே வந்தது.

"பாத்தியா? வெண்ணெயில கத்தி மாதிரி."

கெத்தின் தலையாட்டினான். "சரி. மூணு வருஷம் பொறுத்தாச்சு, ரெண்டு நாள்ல என்ன. எஞ்சினு இதுக்குள்ள கார்டிஃப் பட்டணத்துக்கு நாலு தடவ போய்ட்டு வந்திருக்கும், மேஜையை விட்டு எறங்காமலே."

அவன் இறங்கிப் போனதும் இட்வல் தண்டவாளத்துக்குச் சிமென்ட் கலந்த ஜல்லியைக் கொட்டி, தூரிகையால் நிரவி, பூவாளியில் தண்ணீர் தெளித்தான். உறைபனி தூக்கிவிடாமல் இருக்க, ஆலைக்குள்ளே மட்டும் சிமென்ட்டைக் கூடுதலாகவே போட்டான்.

*

வெள்ளிக்கிழமை மாலை நெஸ்டா தூசும் வியர்வையுமாக வந்தாள். பள்ளி முடிந்ததும் நேராக கெத்தின் வீட்டுக்குப் போய்ச் சாமான் தூக்கிவிட்டு வந்திருந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் குழைய வெந்த குழம்பை இரண்டு தட்டில் ஊற்றிவிட்டு, உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.

"அந்த அலமாரி இருக்கே, அவன் மாமியா குடுத்தது, அத மாடியிலருந்து எறக்குறதுக்குள்ள என் இடுப்பு போச்சு. ஷோனெட் டேப்பு வச்சு அளக்குறா. அகலம் அளந்தா போகுதுங்குறா. உயரம் அளந்தா போகுதுங்குறா. சரின்னு தூக்குனோம். படி திரும்புற இடத்துல வந்து நின்னுச்சு பாரு! தல அந்தச் செவுத்துல, வாலு கைப்புடியில, நடு வயிறு மூலையில. மேலயும் போகல, கீழயும் போகல. நான் கீழ, அவ மேல, நடுவுல பொணம் மாதிரி அலமாரி. கெத்தின் கீழ நின்னுக்கிட்டு, 'அகலத்தக் கேட்டீங்களே, நீளத்தக் கேட்டீங்களா'ன்னு சிரிக்கிறான், பாவி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரம்பந்தான். ரெண்டா அறுத்துப் போட்டோம்."

அவள் சிரித்தாள். இட்வலின் கரண்டி பாதி வழியில் நின்றது.

குவாரியில் அவர்கள் பார்த்த எஞ்சின் எல்லாம் குட்டை. நாலு சக்கரம், அந்த நாலும் வயிற்றுக்கு அடியிலேயே நெருங்கி நிற்கும். எவ்வளவு குறுகிய வளைவானாலும் நாய் திரும்புகிற மாதிரி திரும்பும். அகலமும் உயரமும் தெரிந்தால் போதும், எந்தக் குகைவாயிலிலும் அது போகுமா என்று சொல்லிவிடலாம். இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் கெத்தின் குட்டை எஞ்சினைப் பார்த்துச் சலித்துப்போனவன். அவன் செய்தது நீள எஞ்சின். முன்னால் தனிச் சக்கரங்கள் நாலு, அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. நேர்ப்பாதையில் எந்தத் தொல்லையும் இல்லை. வளைவில் மூக்கு வெளிப்பக்கம் வீசும், இடுப்பு உள்பக்கம் தள்ளும். நாலு சக்கர வண்டியில் பலகை நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் அது எங்கே தெரியும்?

"எங்க போற? குழம்பு ஆறுது!"

"இப்ப வந்துர்றேன்."

கெத்தின் வீட்டில் குரல் எதிரொலித்தது. மேஜை போய்விட்டிருந்தது. எஞ்சின் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய துண்டின்மேல் நின்றது. கரும்பச்சை வண்ணம், பித்தளை வளையங்கள். இட்வல் மேலே தடவுகிற சாக்கில் சாண் போட்டான். மூக்கிலிருந்து முதல் பெரிய சக்கரம் வரை ஒரு தடவை, முழு நீளம் ஒரு தடவை. 

கெத்தின் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா, பன்னி வாங்க வந்தவன் மாதிரி சாண் போட்டுப் பாக்குற?"

"அழகா இருக்குன்னு பாத்தேன்."

"நீ ஒண்ண அழகுன்னு சொல்லி நான் கேட்டதில்லையேடா. நெஸ்டாவக்கூட."

அப்போது சொல்லியிருக்கலாம். போகாதுடா, நான் நீளத்தைப் பார்க்கவில்லை, சுவரை உடைக்கணும், வா, இரண்டு பேருமாகப் போய் உடைப்போம் என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். கெத்தின் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கூட வந்திருப்பான். இட்வல் வாயைத் திறந்தான்.

"எண்ணெ மறக்காம எடுத்துட்டு வா" என்றான்.

வீட்டுக்கு வந்து, சாண் கணக்கை வைத்து ஒரு மரக்கட்டையை அறுத்தான். சக்கர வண்டி இரண்டை அடியில் கட்டினான். மே மாதம், வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆலையின் வாயில் வைத்துத் தள்ளினான். கட்டையின் மூக்கு வெளிச்சுவரில் இடித்து நின்றது. ஒரு விரற்கடை போதவில்லை. ஒரே விரற்கடை.

தண்டவாளத்தை உள்பக்கம் நகர்த்தலாம் என்று கடப்பாரை நுனியை வைத்து நெம்பினான். நேற்று போட்ட சிமென்ட் பாறையாகியிருந்தது. எவனாவது கூலிக்காரன் போட்டிருந்தால் மணல் கூடுதலாகப் போட்டு ஏமாற்றியிருப்பான். இவன் தன் கையாலேயே ஏமாற்றாமல் போட்டுவிட்டான்.

நெஸ்டா பின்னால் வந்து நின்று பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒடச்சுத் தள்ளுய்யா. கல்லுதான. மலை பூரா கெடக்கு."

"ஒரு விரக்கடதான். உள்பக்கம் செதுக்கி எடுத்தாப் போதும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"யாருக்குத் தெரியக்கூடாது?"

இட்வல் அரத்தைத் தேடப் போனான்.

*

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து செதுக்கினான். ஆலையின் வாய்க்குள் கையை விட்டு, கன்னத்தைத் தரையில் பதித்துப் படுத்துக்கொண்டு, சின்ன உளியால் ஒவ்வொரு கல்லாகச் சீவினான், அரத்தால் தேய்த்தான். வெளிச்சுவரின் தூண்தான் மேலே இருந்த நீளக்கல்லைத் தாங்குகிறது; அதிர்ந்தால் மேலே உள்ள கூரை முழுக்க இறங்கும். அதனால் தட்டக்கூடாது, தேய்க்கத்தான் வேண்டும். சாம்பல் நிறத் தூள் மூக்கில் ஏறியது. காலைக் குளிரில் நாலு விரலும் செத்தன. எழுந்துபோய் வெந்நீரில் கையை விட்டு, எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, மறுபடி வந்து படுத்தான். மறுபடி செத்தன. செதுக்கிய நேரத்தைவிட விரலை உயிர்ப்பித்த நேரம்தான் அதிகம்.

கட்டையைத் தள்ளிப் பார்த்தான். உரசியது. இன்னும் தேய்த்தான். உரசிக்கொண்டே உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் போனால் போதும் என்று தோன்றிய நேரத்தில் தெருவில் வேன் சத்தம் கேட்டது.

கெத்தின் சட்டை மாற்றியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் ஜெபத்துக்குப் போடுகிற சட்டை. ஷோனெட் எஞ்சினைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இட்வல் மாமா, சொன்னா சொன்னபடி கெளம்பணும். இவரு உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துருவாரு."

"உங்கப்பன் எப்ப என் பேச்சக் கேட்டான்?"

"என்னடா, மூஞ்சியெல்லாம் சாம்பல்? அடுப்புக்குள்ள தூங்குனியா?" என்றான் கெத்தின்.

"கடைசி வேல கொஞ்சம். நீ மேல்படியில ஏத்து. நான் வரேன்."

மேல் வேலியை ஒட்டி எஞ்சினை வைத்தார்கள். கெத்தின் தண்ணீர் ஊற்றினான், எண்ணெய் விட்டான், எரிவாயு அடைத்தான். தீக்குச்சியைப் புகைபோக்கியில் காட்டியதும் அடிவயிற்றில் 'பொப்' என்று பற்றிக்கொண்டது. எல்லாரும் நின்றார்கள். அழுத்தமானியின் முள் நகர நேரமாயிற்று. இட்வலின் கால் நிற்கவில்லை. ஆலைக்கும் மேல்படிக்குமாக இரண்டு தடவை ஏறி இறங்கினான். கையில் அரம்.

"ஒண்ணுக்கு முட்டுதாய்யா?" என்றாள் நெஸ்டா. பிறகு மெதுவாக, அவளுக்கு அது எப்படி வந்ததோ, "சொல்லிட்டியா?" என்றாள்.

"போகும்" என்றான்.

கெத்தின் கைப்பிடியை லேசாகத் திருப்பினான். எஞ்சின் முன்பக்கம் தண்ணீரைத் துப்பியது, குலுங்கியது, நகர்ந்தது.

மூன்று வருஷமாக நின்ற இடத்தில் ஓடியது, இப்போது இடம் விட்டு இடம் போயிற்று.  கெத்தின் பக்கத்திலேயே நடந்தான், வாய் திறந்தபடி. வேலியோரம் முழுக்கப் போனது. ஊசியிலைக் காட்டுக்குப் பின்னால் மறைந்து, வெள்ளைப் புகை மட்டும் தெரிந்து, வெளியே வந்தது. பாலத்தில் ஏறியபோது சத்தம் மாறியது. கெத்தின் அந்த இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "கேட்டியா? கேட்டியாடா?" என்றான். கேட்டது. வேலைக்குப் போன காலத்தில் ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம்தான், சின்னதாக.

அது பாலத்தை விட்டு இறங்கி ஆலைப்பக்கம் திரும்பியது. வளைவின் தொடக்கத்திலேயே மூக்கு வெளிப்பக்கம் வீசுவது இட்வலுக்குத் தெரிந்தது. நேற்று போட்ட சாண் கணக்கில் முன்விளிம்புக் கம்பியைச் சேர்க்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது தொடாமல் போகாது. இடித்தால் அந்தக் கம்பியும் வளையும், புகைபோக்கியும் போகும்.

"நிறுத்து! நிறுத்துடா!"

கெத்தின் பாய்ந்து பிடியை அடைத்தான். எஞ்சின் ஆலை வாயிலில் சீறிக்கொண்டு நின்றது.

கெத்தின் குனிந்தான். சுவரைப் பார்த்தான். உள்பக்கம் புதிதாகச் சீவிய வெளிர்க் கல்லைப் பார்த்தான், தரையில் கிடந்த தூளை, இட்வலின் கையில் இருந்த அரத்தை. கல்லோடு வாழ்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"சாண் போட்டப்பவா?"

"ஆமா."

"அப்பவே சொல்லியிருந்தா நேத்தே ஒடச்சிருக்கலாமே."

"செதுக்குனாப் போதும்னு நெனச்சேன்."

கெத்தின் நிமிர்ந்தான். கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. "மூணு வருஷம் இந்தப் பொம்ம வீட்டுக்குக் குடுத்த. என் எஞ்சினுக்கு ஒரு சுத்தியல் அடி குடுக்க மனசு வரலையாடா ஒனக்கு?"

ஷோனெட் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததற்காக வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

இட்வல் கொட்டகைக்கு ஓடினான். பெரிய சுத்தியலோடு வந்தான். "பின்னால தள்ளு" என்றான். கெத்தின் எஞ்சினைப் பாலம் வரை பின்னால் நகர்த்தினான். இட்வல் வெளித்தூணைக் குறிவைத்து ஓங்கினான். பக்கவாட்டில் அடித்தால் தூண் வெளிப்பக்கம் சாயும், பாதையில் விழாது. கல் உடைப்பதில் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் செத்துக் கிடந்தன. கைப்பிடி உள்ளங்கையில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதல் அடி வழுக்கியது. இரண்டாவது அடியில் சுத்தியல் கையிலேயே திரும்பி, தூணுக்குப் பதில் மேலே இருந்த நீளக்கல்லின் மையத்தில் இறங்கியது.

கூரை, ஓடு, ஜன்னல், பின்னல் ஊசி எல்லாம் ஒன்றாக இறங்கின. தூசு அடங்கியபோது நீளக்கல் தண்டவாளத்தின்மேல் குறுக்கே கிடந்தது. அதைப் புரட்டினான். பித்தளைத் தண்டவாளம் இரண்டும் முழங்கை மாதிரி மடங்கியிருந்தன. சிமென்ட் விடவில்லை, அது பிடித்த இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. வெட்டி எடுத்து, புதிதாக வளைத்துப் போட ஒரு நாள் வேலை.

 பாலத்தில் எஞ்சின் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கேஸ் தீர்ற வரைக்கும் இருக்கிற பாதையில ஓட்டுவோம்" என்றான் கெத்தின் கடைசியில். பின்னோக்கிப் பிடியை மாற்றினான். எஞ்சின் வந்த வழியே, பின்புறமாக, பாலம், காடு, வேலி என்று போயிற்று. மறுபடி முன்னோக்கி வந்து பாலத்தில் நின்றது. இன்னொரு தடவை திரும்பிப் போகும்போது வேலியோரம் பாதி வழியில் நெருப்பு அணைந்தது. சக்கரம் இரண்டு சுற்று தானாக உருண்டு நின்றது.

ஷோனெட் எஞ்சினைத் துண்டில் சுற்றினாள். வேனில் முன்னிருக்கையில் கெத்தின் அதை மடியில் வைத்துக்கொண்டான். சூடு இன்னும் ஆறவில்லை, துண்டுக்குள்ளிருந்து எண்ணெய் வாசனை வந்தது. இட்வல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த வாரமே பாதைய மாத்திருவேன். ஷோனெட் கூட்டிட்டு வந்தான்னா..."

"அந்த ஏத்தம் நான் இனிமே ஏறுவனான்னு பாரு."

"நான் தூக்கிட்டு வரேன்."

"எஞ்சினையா, என்னையா?"

"ரெண்டையுந்தான்."

கெத்தின் கொஞ்சம் சிரித்தான். "பாதி ஓட்டிட்டேன்ல. பாதி பாக்கின்னு வச்சுக்கோ." கண்ணாடியை ஏற்றினான். வேன் இறக்கத்தில் போய், முட்டைக்கோஸ் வேலியைத் தாண்டித் திரும்பியது.

இட்வல் தோட்டத்துக்கு வந்தான். உட்காரவில்லை. ரத்தம் திரும்பி விரல்கள் எரிய ஆரம்பித்திருந்தன. அந்தக் கையாலேயே இடிபாட்டை அள்ளி வேலிக்கு வெளியே எறிந்தான். ஓடு, ஜன்னல் எதையும் பொறுக்கி வைக்கவில்லை. பிறகு வளைந்த தண்டவாளத்துக்கு ரம்பத்தை வைத்தான். நெஸ்டா தேநீரைக் கொண்டுவந்து சுவரில் வைத்துவிட்டு, "ஆலை?" என்றாள்.

"ஆலை வேணாம்" என்றான்.

பாதி பாக்கி என்று கெத்தின் சொன்னது தாராளம். போன வழியே திரும்பி வருவதற்குப் பெயர் சுற்று இல்லை. அதில் பாதிக் கணக்கு கிடையாது. இட்வல் கெத்தினுக்குத் தரவேண்டியது ஒரு முழுச் சுற்று. அது இன்னும் பாக்கி.